பெட்டியில் உறங்கும் சாட்சிகள்

நண்பர்களே,

1991 மார்ச் 3, நள்ளிரவு தாண்டிய நேரம். லாஸ் ஏஞ்சலிஸில் ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரைக் காவலர்கள் தடியால் அடித்து நொறுக்குகிறார்கள். எதிர்வீட்டு மாடியிலிருந்து ஜார்ஜ் ஹாலிடே அதைத் தம் கேமராவில் பதிவு செய்கிறார். அவர் பத்திரிகையாளர் அல்லர். அந்த ஒரு கேசட் இல்லாதிருந்தால், காவலர்கள் சொன்னதே வரலாறாகியிருக்கும்.

இன்று எல்லோர் கையிலும் கேமரா இருக்கிறது. ஆனால் எடுத்ததை இணையத்தில் ஏற்றியதும் கடமை முடிந்ததென்று இருந்துவிடுகிறோம். 2017இல் யூடியூப் தீவிரவாதக் காணொளிகளை இயந்திரக் கற்றலால், அதாவது கணினி தானே கற்று இனங்காணும் முறையால், களையத் தொடங்கியது. சிரியாவில் குண்டுகளுக்கு நடுவே உயிரைப் பணயம் வைத்து எடுத்த பதிவுகளும் ஆயிரக்கணக்கில் அதோடு போயின. அதே ஆண்டு ஆகஸ்டில்தான், சமூக ஊடகக் காணொளிகளைச் சான்றாகக் கொண்டு, லிபியப் படைத்தலைவர் ஒருவருக்குப் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் பிடியாணை பிறப்பித்தது. நீதிமன்றம் தேடும் சான்றை நிறுவனம் துடைத்தெறிகிறது! இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கொதிக்கிறது.

எனவே மூலக் கோப்பை வைத்திருங்கள். வாட்ஸ்அப்பில் வழக்கம்போல் அனுப்பும் காணொளி சுருக்கப்படுகிறது. எடுத்த நேரம், இடம் பற்றிய தகவல்களும் உதிர்ந்துவிடுகின்றன. வெட்டித் தொகுத்தது பார்ப்பதற்கு நன்றாயிருக்கும். வழக்குமன்றம் கேட்பது வெட்டாததை. வெவ்வேறு இடங்களில் நகல்கள் இருக்கட்டும். ஒன்றை மறக்கவேண்டாம்: பாதுகாப்பது வேறு, வெளியிடுவது வேறு. பதிவில் முகம் தெரிகிறவர் நாளை வேட்டையாடப்படலாம்.

கெய்ரோவின் மொசிரீன் என்ற காணொளிக் குழு, 2011 எகிப்தியப் புரட்சியின் 858 மணி நேரப் பதிவுகளை 2018 ஜனவரியில் பொதுவில் வைத்தது. அதில் என் மனத்தைத் தொட்டது மணிக்கணக்கு அன்று. எந்த நாள், எந்தத் தெரு என்று பொறுமையாகக் குறித்துவைத்த உழைப்பு. குறிப்பில்லாத காணொளியில் கூட்டம் ஓடுகிறது, புகை எழுகிறது, யாரோ கதறுகிறார்கள். யாரென்று சொல்ல ஆளில்லை.

பழைய நாடாக்கள் இன்னும் பலர் வீட்டுப் பெட்டிகளில் கிடக்கின்றன. காந்தப் பூச்சு நலிந்துவருகிறது. ஓட்டிப் பார்க்கும் கருவிகளும் அரிதாகிவிட்டன. அவற்றைக் கணினிக்கு மாற்றுகிற நாளில், எடுத்தவரையே பக்கத்தில் உட்காரவையுங்கள். திரையில் தோன்றும் ஒவ்வொரு முகத்துக்கும் அவர் பெயர் சொல்லச் சொல்ல, எழுதிக்கொள்ளுங்கள்.