மழைக்குள் ஒரு வான்கோழி

நேயர்களுக்கு வணக்கம்.

நான் வசிக்கும் பென்சில்வேனியாவில் மே மாதப் பிறப்பை ஒட்டி வான்கோழி வேட்டை தொடங்கும். வசந்த காலத்தில் தாடி உள்ள பறவையை மட்டுமே சுடலாம். தாடி என்பது சேவலின் மார்பிலிருந்து குதிரைமயிர் போலத் தொங்கும் ஒரு கற்றை. பதுங்கிப் பதுங்கிப் பறவையைத் தேடிப்போய்ச் சுடுவது சட்டப்படி குற்றம். ஓரிடத்தில் உட்கார்ந்து, பெட்டையின் குரலை எழுப்பி, சேவலை நம்மிடம் வரவழைக்க வேண்டும். முழுக்க முழுக்கக் காதை நம்பிய வேட்டை இது. மழை வந்தால் அந்தக் காதுதான் முதலில் போகிறது.

தொடக்கத்தில் மழை என்றாலே நான் வீட்டில் தங்கிவிடுவேன். பக்கத்துப் பண்ணைப் பெரியவர் ஒருவர்தான், "காட்டை விடு, மழை நாளில் வயலைப் போய்ப் பார்" என்றார். போனேன். மக்காச்சோளம் அறுத்த தாளடி நிலத்தின் நடுவில், நனைந்த கோணிப்பைகளைக் குத்தவைத்ததுபோல ஏழு வான்கோழிகள் அசையாமல் நின்றிருந்தன.

காரணம் எளிது. கண்ணும் காதும்தான் அந்தப் பறவைக்குக் காவல். மோப்ப சக்தி பெரிதாக உதவாது. இலைக்கு இலை சொட்டும் மழையில் நரியின் காலடி கேட்காது. காது உதவாதபோது, கண்ணுக்கு எட்டும் தூரம்வரை மறைவே இல்லாத வெட்டவெளிக்கு அது வந்துவிடுகிறது. காட்டில் பெட்டைக்குரல் எழுப்பிக்கொண்டு காத்திருப்பவரோ வெறுங்கையோடு வீடு திரும்புவார்.

ஆகவே மழை நாளில் நான் வயலோரத்துக்குப் போய்விடுவேன். ஈர இலைகள் சருகுபோலச் சலசலக்காது என்பதால் இருட்டோடு இருட்டாகப் போய் உட்காருவது எளிது. பொம்மைப் பெட்டை ஒன்றை இருபது கஜத்துக்கு முன்னால் நட்டுவைப்பேன். பழைய வேட்டைத் தமிழில் இதற்குப் 'பார்வை' என்று பெயர். எவ்வளவு பொருத்தமான சொல்! செவி தோற்ற நாளில் சேவலை இழுத்து வருவது அந்தப் பார்வை ஒன்றுதான்.

குரல் கருவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மெல்லிய மரப்பலகைகளால் ஆன ஒரு சிறு பெட்டி. சுண்ணக்கட்டி பூசிய அதன் மூடியை விளிம்பில் உரசினால் பெட்டையின் குரல் வரும். காற்று நாளில் தொலைவுக்குக் கேட்பது இதுதான். ஆனால் ஒரு துளி ஈரம் பட்டால் போதும், சுண்ணம் குழைந்து, பெட்டி ஊமையாகிவிடும். ரொட்டி வரும் பிளாஸ்டிக் பைக்குள் பெட்டியைப் போட்டு, கையையும் உள்ளே விட்டு உரசப் பழகிக்கொண்டேன். அடைமழையில் அதுவும் பயன்படாது. அப்போது நாக்குக்கும் மேலண்ணத்துக்கும் இடையே வைத்து ஊதும் ரப்பர்ச் சவ்வுதான் துணை. அது நனைந்தே வேலை செய்வது.

மழையைவிடக் காற்று மோசம். காற்று நாளில் வான்கோழிகள் மலைச்சரிவின் மறுபுறம், காற்று அடிக்காத பள்ளங்களில் ஒதுங்கும். கிளையெல்லாம் ஆடும்போது எது அசைந்தாலும் மிரளும். மூடுபனி நாளில், இரவு அடைந்த மரத்தைவிட்டு நேரத்தோடு இறங்காது. தரை கண்ணுக்குத் தெளிந்த பிறகே இறங்கும். இடிக்கோ அது பதில் சொல்லும்! தொலைவில் ஓர் இடி உருண்டால், சேவல் தன்னையறியாமல் கழுத்தை நீட்டிக் கொக்கரித்துவிடும். எந்த மரத்தில் இருக்கிறது என்பது அப்படியே தெரிந்துவிடும். ஆனால் இடி நெருங்கிவிட்டால் எழுந்து போய்விட வேண்டும். பின்னாலிருந்து வரும் வேறொரு வேட்டைக்காரரின் துப்பாக்கி ரவை படாதிருக்கத் தோளைவிட அகலமான மரத்தில் சாய்ந்து உட்காரச் சொல்வார்கள். மின்னல் வெட்டும்போது அதே மரம்தான் ஆபத்து.

இந்தப் பறவை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பல மாநிலங்களில் அற்றே போயிருந்தது. 1937-ல் வந்த பிட்மன்–ராபர்ட்சன் சட்டம் துப்பாக்கி, தோட்டா மீதான வரியைக் காட்டுயிர்ப் பாதுகாப்புக்குத் திருப்பியது. காட்டுப் பறவைகளை வலையில் பிடித்து, அற்றுப்போன காடுகளில் விட்டு வளர்த்தார்கள். இன்று அவை மீண்டும் லட்சக்கணக்கில் இருக்கின்றன. ஆனாலும் முட்டையிலிருந்து வந்த முதல் இரண்டு வாரங்களில் குளிர்மழை பிடித்தால் குஞ்சுகள் விறைத்துச் செத்துவிடும். ஜூன் மாத மழையை நான் கலக்கத்தோடுதான் பார்க்கிறேன்.

நம் பேச்சில் வான்கோழி என்றாலே மயிலைப் பார்த்து ஆடிய பறவை என்ற ஏளனம்தான். போன மே மாதம் ஒரு காலைப்பொழுதில் அந்த ஏளனம் என் மனத்தைவிட்டு அகன்றது. தூறல் சற்று ஓய்ந்த நேரம். வயல் விளிம்பில் ஒரு பெரிய சேவல் வந்து நின்று, உடலை ஒரு முறை உதறியது. நீர் புகைபோலத் தெறித்தது. நனைந்து கறுத்திருந்த இறகுகளில் செம்பு நிறமும் பச்சையும் மெல்ல மீண்டன. தலை நீலம், கழுத்து சிவப்பு. பொம்மைப் பெட்டையைக் கண்டதும் வாலை விசிறியாக விரித்து, சிறகு நுனி மண்ணில் உரச, அடியடியாக வந்தது.

முப்பது கஜம். நாற்பது கஜத்துக்குள் வந்தால் கழுத்தைப் பார்த்துச் சுடலாம். துப்பாக்கி முழங்காலில் தயாராக இருந்தது. அப்போது மழை மறுபடியும் வலுத்தது. கண்ணாடியில் நீர் வழிந்தது. சேவலுக்குப் பின்னால் இன்னொரு நிழல் அசைந்ததுபோல இருந்தது; பெட்டையா, இளஞ்சேவலா என்று பிடிபடவில்லை. ரவை சிதறிப் பாயும். காயத்தோடு ஓடும் பறவையின் இரத்தத் தடத்தை மழை சில நிமிடங்களில் கழுவிவிடும். பிறகு எங்கே போய்த் தேடுவது?

விரலை எடுத்துவிட்டேன். சேவல் பொம்மையை ஒரு சுற்றுச் சுற்றி, எதிர்க்குரல் வராததால் விசிறியை மடக்கிக்கொண்டு நடந்தது. பின்னாலிருந்த நிழலும் அதைத் தொடர்ந்தது. மெலிந்த உடல், மார்பில் தாடி இல்லை. பெட்டைதான். இரண்டும் வேலிக்கு அப்பால் மறையும்வரை நான் அசையவில்லை. ரொட்டிப் பைக்குள் பெட்டி மட்டும் நனையாமல் இருந்தது.

நன்றி, வணக்கம்.