முதலாமாண்டு வகுப்புக்கு ஒரு தாள்

உதகை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

நான் நீலகிரியில் ஒரு கல்லூரியில் முதலாமாண்டு மாணவர்களுக்கு எழுத்துப் பயிற்சி வகுப்பு எடுக்கிறேன். வாரத்தில் இரண்டு பாடவேளை. பாடநூல் தனி. இந்த வகுப்புக்கு மட்டும் வாரம் ஒரு சின்ன வாசிப்பை நானே தேடி, ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போக வேண்டும். ஒரு தாள், மிஞ்சினால் அதன் பின்பக்கமும். புதிதாக வேலைக்கு வரும் ஆசிரியர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான்: "எதைக் கொடுத்தால் பிள்ளைகள் எழுதுவார்கள்?"

நான் செய்த ஒரு தவறிலிருந்து தொடங்குகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் தேயிலைத் தொழிலாளர்களைப் பற்றிப் பத்திரிகையில் வந்த ஒரு கட்டுரையைக் கொண்டுபோனேன். வகுப்பில் பாதிப் பேருக்கு மேல் தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடுகளிலிருந்தும் சிறு தேயிலை விவசாயிகளின் குடும்பங்களிலிருந்தும் வருகிறவர்கள். தங்கள் வாழ்க்கையைப் பற்றியே எழுதியிருந்தால் ஆசையாகப் படிப்பார்கள் என்று நினைத்தேன். கட்டுரை இரக்கத்தோடுதான் இருந்தது. காலைப் பனி, முதுகில் கூடை, மெல்லிய விரல்கள், இரண்டு இலை ஒரு மொட்டு. படித்து முடித்ததும் வகுப்பு அமைதியாகிவிட்டது. யோசிக்கிறபோது வரும் அமைதி வேறு மாதிரி இருக்கும். கடைசி பெஞ்சில் ஒரு பெண் அந்தத் தாளை நான்காக மடித்து நோட்டுக்கு அடியில் வைத்துவிட்டாள்.

அன்றைக்கு யாரும் ஐந்து வரிக்கு மேல் எழுதவில்லை. எழுதியவையும் 'தொழிலாளர்களே நாட்டின் முதுகெலும்பு' என்ற மாதிரி, பள்ளியில் பரீட்சைக்காக எழுதிப் பழகிய வாக்கியங்கள்.

அந்த மடித்த தாள் என் மனதை விட்டுப் போகவில்லை. அடுத்த வாரம் அதே கட்டுரையை மறுபடியும் கொடுத்து, "இதில் என்னென்ன தப்பு இருக்கிறது?" என்று மட்டும் கேட்டேன். அந்தப் பெண் ஒன்றரைப் பக்கம் எழுதினாள். அம்மா விரலால் கிள்ளுவதில்லை, கத்தரியால் வெட்டுகிறார். கத்தரியோடு சேர்ந்த தட்டில் இலை விழ விழக் கை கனக்கும். சாயங்காலம் வலிப்பது விரல் இல்லை, தோள். மழை நாளில் இலை ஈரமாக இருக்கிறது என்று எடையில் கழிப்பார்கள், எவ்வளவு கழிப்பது என்பதில்தான் எடை போடும் இடத்தில் தினமும் பேச்சு வளரும். இப்படிப் போனது அவள் எழுத்து. காற்புள்ளி எதுவும் சரியான இடத்தில் இல்லை. ஆனால் தேவையில்லாத வாக்கியம் என்று ஒன்றைக்கூட என்னால் அடிக்க முடியவில்லை.

அதுவரை மாணவர்களைப் பற்றிய வாசிப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு, அவர்கள் பதில் சொல்ல இடம் வைத்திருக்கிற வாசிப்பைத் தேடத் தொடங்கினேன். எல்லாவற்றையும் சொல்லி, தீர்ப்பும் கொடுத்து முடித்துவிட்ட எழுத்துக்குப் பதினெட்டு வயதுப் பிள்ளை தலையாட்டத்தான் முடியும். தன்னம்பிக்கைக் கட்டுரைகளை நான் கொண்டுபோகாததற்கு இதுதான் காரணம். எனக்கு மிகவும் பிடித்த எழுத்துகளையும் யோசித்துத்தான் எடுக்கிறேன். பிடித்ததைக் கொண்டுபோனால் மணி அடிக்கிறவரை நானே பேசிவிடுகிறேன்.

சரி, சின்னது என்றால் எவ்வளவு சின்னது? வகுப்பிலேயே இரண்டு முறை வாய்விட்டுப் படித்து, அப்புறம் எழுதுவதற்கு அரை மணி நேரம் மிஞ்ச வேண்டும். அதுதான் என் அளவு. வீட்டில் படித்துவிட்டு வாருங்கள் என்று இந்த மலையில் சொல்வது நியாயமில்லை. கூடலூர், பந்தலூர் பக்கத்துப் பிள்ளைகள் இருட்டோடு கிளம்பிப் பஸ் பிடித்து வருகிறார்கள். போனில் அனுப்பலாம் என்றால் பல ஊர்களில் சிக்னல் கிடைப்பதில்லை. அதனால் தாள்தான், அதுவும் கொஞ்சம் பெரிய எழுத்தில். ஆடி மாத மூடுபனியில் கரண்டும் போய்விட்டால் பொடி எழுத்து யார் கண்ணுக்கும் தெரியாது.

முதல் தடவை நான்தான் படிப்பேன். என் வகுப்பில் படுகு, மலையாளம், கன்னடம், பணியர் மொழி என்று வீட்டில் வேறு மொழி பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை எழுப்பி, கண்ணில் படாத சொற்களை எல்லோர் முன்பும் படிக்கச் சொன்னால் அந்தத் தடுமாற்றம் வருஷம் முழுக்க அவர் கூடவே வரும். ஒருமுறை காதில் விழுந்த பிறகு, இரண்டாம் தடவை அவர்களே படிக்கட்டும்.

பழைய இலக்கியம் முதலாண்டுப் பிள்ளைகளுக்குச் சலிக்கும் என்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். குறுந்தொகைப் பாடல்கள் பெரும்பாலும் நான்கு முதல் எட்டு அடிக்குள் அடங்கிவிடும். இதைவிடச் சின்ன வாசிப்பு வேறு எங்கே கிடைக்கும்? அதில் மூன்றாவது பாடல், தேவகுலத்தார் பாடியது, நான்கே அடி. தன் காதல் நிலத்தைவிடப் பெரியது, வானத்தைவிட உயர்ந்தது, கடலைவிட ஆழமானது என்கிறாள் ஒரு பெண். அப்புறம் மலைச்சரிவுக்கு வருகிறாள். கரிய கொம்புடைய குறிஞ்சியின் பூவிலிருந்து பெருந்தேன் உருவாகும் நாட்டைச் சேர்ந்தவன் அவன் என்கிறாள். பாட்டு முடிந்துவிட்டது.

வகுப்பில் முதலில் எல்லோரும் நிலம், வானம், நீர் பற்றித்தான் சொன்னார்கள். குறும்பர் குடும்பத்திலிருந்து வரும் ஒரு பையன் தேனைப் பிடித்துக்கொண்டான். அவன் வீட்டுப் பெரியவர்கள் பாறையில் தேன் எடுக்கிறவர்கள். ஒரு பெரிய அடை நிறைவதற்கு ஈக்கள் எத்தனை தடவை போய்வர வேண்டும் தெரியுமா என்று கேட்டான். இன்னொருத்தி, நீலக்குறிஞ்சி பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறைதானே பூக்கும் என்றாள். கொடைக்கானல், மூணாறு பக்கம் 2018-இல் அது பூத்தபோது இவர்களெல்லாம் பள்ளிப் பிள்ளைகள். கொஞ்ச நேரத்தில் அவர்களே ஒன்றைக் கண்டுபிடித்தார்கள்: முதல் மூன்றும் காதலின் அளவைச் சொல்கின்றன, தேன் அதற்கு ஆன காலத்தைச் சொல்கிறது. நான் பல முறை படித்த பாட்டு அது. எனக்கு அன்றைக்குத்தான் அது புரிந்தது. அதன் பிறகு அவர்கள் எழுதியவற்றில் 'மிகவும்', 'அளவற்ற' என்ற சொற்கள் தாமாகவே குறைந்தன. பெரிய சொல் வருகிற இடத்தில் ஒரு சின்னப் பொருளை வைக்கலாம் என்று பாட்டே காட்டிவிட்டது.

செய்தித்தாளும் நல்ல சுரங்கம். ஐந்து வரிச் செய்தி போதும். நம் பக்கத்தில் வாரம் தவறாமல் வருகிற ஒன்று, ஊருக்குள் யானை வந்த செய்தி. தலைப்பில் பெரும்பாலும் 'அட்டகாசம்' என்ற சொல் இருக்கும். அதோடு யானை வழித்தடங்களைப் பற்றிய ஒரு சிறு குறிப்பையும் சேர்த்துக் கொடுத்தேன். நீலகிரியின் சீகூர் பகுதி வழித்தடம் பற்றி 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது அந்தக் குறிப்பில் இருந்தது. அட்டகாசம், வழித்தடம் என்ற இரண்டு சொற்களை மட்டும் கரும்பலகையில் எழுதினேன். ஒரு சொல்லைப் படித்தால் யானை நம் இடத்துக்கு வந்திருக்கிறது, இன்னொன்றைப் படித்தால் நாம் அதன் இடத்தில் இருக்கிறோம். பந்தலூர்ப் பெண் ஒருத்தி எழுந்து, வாழைத்தோட்டம் அழிந்துபோன வீட்டில் உட்கார்ந்து வழித்தடம் என்று சொல்லிப் பாருங்கள் என்றாள். அவளே தன் கட்டுரையில், பாட்டி ராத்திரியில் யானை என்ற பெயரைச் சொல்ல மாட்டார், 'பெரியவர்' என்றுதான் சொல்வார் என்று எழுதியிருந்தாள். கோபமும் மரியாதையும் ஒரே பக்கத்தில் இருந்தன. எந்தப் பக்கம் நிற்பது என்று முடிவு செய்யாமலேயே ஒரு நல்ல கட்டுரை எழுதலாம் என்று அன்றைக்கு வகுப்பு பார்த்தது.

மலைக்கு வர இணையத்தில் வாங்கும் அனுமதிச் சீட்டான இ-பாஸ் விஷயமும் இப்படிப்பட்டதுதான். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. அந்த அறிவிப்பைப் படிக்க இரண்டு நிமிடம் போதும். டாக்சி ஓட்டுகிறவர் மகனும், சீசனில் காய்கறி விற்கிறவர் மகளும், கோடையில் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்கிற வீட்டுப் பிள்ளையும் ஒரே பெஞ்சில் இருக்கிறார்கள். இங்கே ஆசிரியர் தாளைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றாலே போதும்.

கடைசியாக ஒரு வாசிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1964-ஆம் ஆண்டு இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட சிரிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து வந்து இங்கே குடியேறிய குடும்பங்கள் நிறைய. தமிழக அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்கள் 1968-இல் அவர்களுக்காகவே தொடங்கப்பட்டவை. அப்படியொரு குடும்பத்துப் பையன் தன் பாட்டியின் தகரப்பெட்டியிலிருந்து ஒரு கடிதம் கொண்டுவந்தான். இலங்கையில் ஹட்டனிலேயே தங்கிவிட்ட அக்கா, இங்கே வந்துவிட்ட தங்கைக்கு எழுதியது. நீல நிற ஏர்மெயில் தாள். 'நலம், நலமறிய ஆவல்' என்று தொடங்கி, மழை, சம்பளம், யார் யாருக்கு உடம்பு சரியில்லை என்று போய், இடம் தீர்ந்ததும் ஓரத்தில் சாய்வாக இரண்டு வரி: "ஆடு ரெண்டு குட்டி போட்டது. சொல்ல மறந்துட்டேன், அப்பா உன்னைக் கேட்டார்."

பாட்டியிடம் அனுமதி கேட்டு, பெயர்களை மறைத்துப் பிரதி எடுத்துக் கொடுத்தேன். படித்து முடித்ததும் ஒரு மாணவி கேட்டாள்: "இதுக்குப் பாட்டி என்ன பதில் எழுதினாங்க?" அந்தப் பதில் கடிதம் எங்களிடம் இல்லை. இருந்தால் அது ஹட்டனில் இருக்கும். நான் எழுதச் சொல்வதற்கு முன்பே பேனாக்களைத் திறந்துவிட்டார்கள். அவர்கள் எழுதிய பதில்களை எல்லாம் அந்தப் பையன் வீட்டுக்கு எடுத்துப் போய், பாட்டிக்கு ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினான். ஏழெட்டுக் கடிதங்களில் ஆட்டுக்குட்டிகளுக்குப் பெயர் வைத்திருந்தார்களாம்.

கேட்டுக்கொண்டிருக்கும் நேயர்களில் யார் வீட்டிலாவது இப்படிப் பழைய கடிதங்கள் இருந்தால், பிள்ளைகள் படிப்பதற்கு ஒன்றே ஒன்று கொடுங்கள். இந்த நிலையத்தில் கொடுத்தால் என்னிடம் வந்து சேரும். பெயரும் முகவரியும் மறைத்துத்தான் பிரதி எடுப்பேன், மூலக் கடிதத்தை பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். ஜூலையில் புது வகுப்பு தொடங்குகிறது. வணக்கம்.