எந்த வரின்னு சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கம். இந்த மாசக் கூட்டத்துல பேசச் சொன்னப்ப கவிதை எழுதுறதப் பத்திதான் பேசலாம்னு நெனச்சேன், அப்புறம் யோசிச்சா, எழுதுறத விட அடுத்தவங்க எழுதினதக் கேட்டுட்டு என்ன சொல்றதுங்கறதுலதான் நாம ரொம்பத் தடுமாறுறோம்னு பட்டுச்சு. ஒருத்தர் படிச்சு முடிச்சதும் "அருமை", "செம", "கண் கலங்கிருச்சு தோழர்"னு நாலு குரல் வரும், அடுத்தவர் மைக்குக்கு வந்துடுவார், அவ்வளவுதான்.

சீத்தலைச் சாத்தனார் பத்தி ஒரு கதை சொல்வாங்க. மத்தவங்க பாட்டுல பிழை கேட்டா எழுத்தாணியால தன் தலையிலயே குத்திக்குவாராம், குத்திக் குத்தித் தலை சீழ் புடிச்சுப் போச்சாம், அதான் 'சீத்தலை'ன்னு பேராம். அவரோட தலைக்குத்து வள்ளுவரோட முப்பாலால தீந்துச்சுன்னு, குறளைப் புகழுற திருவள்ளுவமாலையில ஒரு வெண்பாவே இருக்கு. சீத்தலைங்கறது ஊர்ப்பேருன்னு சொல்றவங்க சொல்றதுதான் சரியா இருக்கும், ஆனாலும் இந்தக் கதை என்னை விடமாட்டேங்குது. பாட்டு எழுதினவர்கிட்ட அவர் ஒரு வார்த்தை சொன்னதா நான் கேட்டதே இல்ல. வலி இவருக்கு, பிழை அங்கயே கெடக்கு.

நானும் அப்படித்தான் இருந்தேன். ஒரு தங்கச்சி, செத்துப்போன அப்பாவோட சைக்கிள் பத்தி ஒரு கவிதை கொண்டுவந்துச்சு. கேரியர்ல அவர் கட்டின ரப்பர் டியூப்ப மட்டும் வீட்ல யாரும் அவுக்கல, அது அப்படியே இருக்குன்னு ஒரு இடம், கேட்டதும் எனக்கு நெஞ்சு அடைச்சுருச்சு. அதுக்குக் கீழ இன்னும் ரெண்டு வரி, "அப்பா என்பது உறவல்ல, உணர்வு"ன்னு. அந்த ரெண்டு வரி வேணாம்னு எனக்கு அப்பவே தெரியும். ஆனா அந்தப் புள்ள கண்ணுல தண்ணி நிக்குது, எப்படிச் சொல்றதுன்னு "ரொம்ப நல்லாருக்கும்மா"ன்னு மட்டும் சொல்லிட்டு வந்துட்டேன். ஒரு பத்திரிகைக்கு அனுப்பி அது திரும்பி வந்தப்பதான் நான் நெனச்சத சொன்னேன். "அன்னைக்கே சொல்லிருக்கலாம்ல அண்ணே"ன்னுச்சு. கோவமா கூட சொல்லல, அதுதான் இன்னும் உறுத்துது.

அதுக்காக, "கவிதையாவே இல்ல"ன்னு மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்றதையும் நேர்மைன்னு நான் ஒத்துக்க மாட்டேன், ஏன்னா "அருமை"ங்கறதும் அதுவும் ஒண்ணுதான், ரெண்டுலயும் எந்த வரின்னு இல்ல. ஆங்கிலக் கவிஞர் எலியட்டோட 'பாழ்நிலம்'ங்கற நெடுங்கவிதை 1922ல வந்துச்சு, அதுக்கு முன்னாடி அவரோட நண்பர், கவிஞர் எஸ்ரா பவுண்டு அதைப் பக்கம் பக்கமா அடிச்சுத் திருத்தினார், அந்தப் பிரதி 1971ல புத்தகமாவே வெளிவந்துச்சு. அதுல டைரீசியஸ்னு ஒரு பாத்திரம், கண்ணு தெரியாது, ஆனா எல்லாம் அறிஞ்ச தீர்க்கதரிசி. ஒரு பொண்ணு மனசுல ஒரு நெனப்பு ஓடுறத அவன் சொல்ற இடத்துல, 'ஓடலாம்'ங்கற மாதிரி எலியட் போட்டிருந்தார். ஓரத்துல பவுண்டு காட்டமா எழுதி வச்சிருக்கார், டைரீசியஸே, உனக்குத் தெரியும்னா தெரியும், இல்லேன்னா இல்ல, ஒரு முடிவுக்கு வாங்கற அர்த்தத்துல. அச்சான வரியில அந்த 'லாம்' இல்லைங்க. எவ்வளவு சின்ன இடம் பாருங்க! அந்த ஒரு சொல்லப் புடிக்கணும்னா எத்தனை தடவை படிச்சிருக்கணும், அந்தப் பாத்திரத்த எவ்வளவு நம்பியிருக்கணும். எனக்கு விமர்சனம்னா அந்த அக்கறைதான்.

அந்தத் தங்கச்சி போன மாசம் திருத்தி எடுத்துட்டு வந்துச்சு. கடைசி ரெண்டு வரி இல்ல, டியூப்போட நின்னுருச்சு. நான் இன்னொண்ணும் சொல்லியிருந்தேன், 'டியூப்' வேணாம், 'கயிறு'ன்னு போட்டா ஓசை நல்லா விழும்னு. அத மட்டும் மாத்தல. ஏம்மான்னு கேட்டேன். "எங்கப்பா கட்டினது டியூப்புதாண்ணே"ன்னுச்சு. நான் என் நோட்டுல எழுதி வச்சிருந்த 'கயிற' அங்கயே அடிச்சுட்டேன்.