வாசலைத் தாண்டியவர்களை யார் பார்ப்பது?

நேயர்களுக்கு வணக்கம். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சான்றிதழ் நகல், பழைய நிறுவனத்தின் கடிதம், புகைப்படம், கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு அட்டை. அன்றைக்கு உங்களைத் துருவித் துருவிக் கேட்டவர்கள், அதற்கப்புறம் என்றைக்காவது எதையாவது கேட்டார்களா? பெரும்பாலும் இருக்காது. எனக்கு வெகுநாளாக உறுத்திக்கொண்டிருக்கும் விஷயம் இதுதான்.

அமெரிக்காவின் சிலிக்கான் பள்ளத்தாக்கில் உள்ள பெரிய தொழில்நுட்ப நிறுவனங்கள், வெளிநாட்டு உளவுக்குப் பயந்து, ஆள் எடுக்கும்போதே சல்லடை போட ஆரம்பித்திருக்கின்றன. செயற்கை நுண்ணறிவுக்கு இப்போது இருக்கும் மவுசைப் பார்த்தால் அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் சல்லடை போடுவது வாசலில். திருட்டு நடப்பது உள்ளே.

வாசல் சோதனையை எவ்வளவு சுலபமாகத் தாண்டலாம் என்பதற்கு ஒரு கதை சொல்கிறேன். 2024 ஜூலையில் நடந்தது. நோபிஃபோர் என்று ஒரு அமெரிக்க நிறுவனம். இணைய மோசடிக்காரர்களிடம் ஏமாறாமல் இருப்பது எப்படி என்று மற்ற நிறுவனங்களின் ஊழியர்களுக்குச் சொல்லித்தருவதுதான் அவர்கள் பிழைப்பு. அவர்களுக்கு ஒரு மென்பொருள் பொறியாளர் தேவைப்பட்டார். வீடியோவில் நான்கு நேர்காணல். வேலை தேடி அலைந்த நேயர்களுக்கு அந்தக் கஷ்டம் தெரியும்! பின்னணியை விசாரித்தார்கள், எல்லாம் சுத்தம். வேலை கொடுத்து, கம்ப்யூட்டரையும் அனுப்பிவைத்தார்கள்.

பெட்டி போய்ச் சேர்ந்ததுதான் தாமதம், அதில் தீய மென்பொருள் ஏற ஆரம்பித்துவிட்டது. கண்காணிப்புக் குழு அவரைக் கேட்டது. ரவுட்டரில் வேகம் சரியில்லை, கையேட்டைப் பார்த்துச் சரிசெய்கிறேன் என்றார். சரி, போனில் பேசலாமா என்று கேட்டார்கள். இப்போது முடியாது என்றார். அதற்கப்புறம் பதிலே இல்லை. அரை மணி நேரத்துக்குள் அந்தக் கம்ப்யூட்டரை முடக்கிவிட்டார்கள். விசாரித்தால், ஆள் வடகொரியா. கொடுத்த பெயரும் அடையாள எண்ணும் உண்மையான ஒரு அமெரிக்கருடையவை, திருடியவை. புகைப்படம் செயற்கை நுண்ணறிவில் ஒட்டுவேலை செய்தது. நடந்ததை அந்த நிறுவனமே வெளியில் சொன்னது. அதைப் பாராட்ட வேண்டும், மூடி மறைப்பவர்கள்தான் அதிகம்.

இதில் கவனியுங்கள். நான்கு நேர்காணலும் பின்னணி விசாரணையும் பிடிக்காத ஆளை, உள்ளே நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பிடித்தார்கள். வாசலில் இருந்தவர்கள் அல்ல. திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், இன்னும் ஒருமுறை சொல்வேன்.

இவராவது வரும்போதே போலி. நல்லவராகச் சேர்ந்து பிறகு மாறுகிறவரை என்ன செய்வது? ட்விட்டரில் அதுதான் நடந்தது. 2014, 2015இல் அங்கே வேலை பார்த்த இருவர், கணக்கு வைத்திருந்தவர்களின் விவரங்களைக் கொடுத்துச் சவூதி அரேபியாவுக்கு உதவியதாக வழக்கு. ஒருவர், மத்தியக் கிழக்கின் ஊடகத்தாருடன் தொடர்பு வைத்துக்கொள்ளும் பொறுப்பில் இருந்தவர். அவருக்கு விலை உயர்ந்த கைக்கடிகாரம் ஒன்று பரிசாக வந்தது. அதை அவர் பிற்பாடு 42,000 டாலருக்கு விற்கப் பார்த்தார். 2022இல் அவர் குற்றவாளி என்று தீர்ப்பாகிவிட்டது. இன்னொருவர் பொறியாளர். தளம் படுத்துவிடாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. அந்த மனிதர் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் கணக்கு விவரங்களை எடுத்துப் பார்த்திருக்கிறார் என்கிறது குற்றப்பத்திரிகை. தளத்தை ஓட்டுகிறவருக்கு யாரோ ஒருவரின் போன் நம்பர் எதற்கு? நான் கேட்பது அதைத்தான். சந்தேகம் வந்து நிறுவனம் அவரை விசாரித்த மறுநாளே விமானம் ஏறிச் சவூதிக்குப் போய்விட்டார். வேலைக்குச் சேர்ந்த அன்று இவர்களை எத்தனை கேள்வி கேட்டிருந்தாலும், இன்னும் நடக்காத ஒன்றை எப்படிக் கண்டுபிடிக்க முடியும்?

அட்டை என்றேன் இல்லையா, அதையும் சொல்லிவிடுகிறேன். 2024 மார்ச்சில் கூகுள் பொறியாளர் ஒருவர் மீது, செயற்கை நுண்ணறிவு ரகசியங்களைத் திருடியதாக வழக்குப் பதிவானது. அவர் சீனாவில் இருந்தபோது, அலுவலக வாசலில் அவருடைய அட்டையை வேறொரு ஊழியர் தேய்த்துவிட்டாராம். அட்டை வந்தது, ஆள் வரவில்லை. எந்தக் கோடி ரூபாய்க் கருவியும் இதற்கு என்ன செய்யும்?

அப்படியானால் இன்னும் ஆழமாக விசாரித்து, எல்லாத் தகவலையும் வாங்கி வைத்துக்கொள்ளலாமே என்பீர்கள். அமெரிக்க அரசு அப்படித்தான் வைத்திருந்தது. ஊழியர்களின் குடும்பம், கடன், பழைய முகவரிகள், நண்பர்கள் எல்லாம் அந்தக் கோப்புகளில் இருந்தன. 2015இல் தெரியவந்தது: 2 கோடியே 15 லட்சம் பேரின் விவரம் களவு போயிருந்தது. கூடவே 56 லட்சம் பேரின் கைரேகை. உளவாளியைத் தடுக்கச் சேர்த்த கோப்பே உளவாளிக்கு விருந்தாகப் போய்ச் சேர்ந்தது.

நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். பிறந்த நாட்டைப் பார்த்துச் சந்தேகப்படுவது பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். ஒரே ஒரு பெயர் சொல்கிறேன், சியான் சுவெசென். சீனாவில் பிறந்தவர், கலிஃபோர்னியாவில் ராக்கெட் ஆய்வில் முன்னோடி. 1950இல் கம்யூனிஸ்ட் என்று சந்தேகப்பட்டு, ரகசிய வேலைக்கான அனுமதியைப் பறித்தார்கள். ஐந்து வருடம் இழுத்தடித்து 1955இல் சீனாவுக்கு அனுப்பினார்கள். அங்கே போய் ஏவுகணைத் திட்டத்தையே கட்டியெழுப்பினார்.

கடைசியாக, வேலையை விட்டுப் போகிறவர்கள். 2018இல் ஆப்பிளில் ஓட்டுநர் இல்லாக் கார் திட்டத்தில் இருந்த ஒருவர், குழந்தை பிறந்ததற்கான விடுப்பு முடிந்து வந்து, ராஜினாமா என்றார். நிறுவனம் அவருடைய பழைய பதிவுகளைப் புரட்டிப் பார்த்தது. வழக்கத்துக்கு மாறாக நிறையக் கோப்புகளைத் திறந்திருந்தார். சான் ஹோசே விமான நிலையத்தில், சீனா செல்லும் விமானத்துக்குப் போகும் வழியில் பிடித்தார்கள். 2022இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அந்தப் பதிவுகளை அவர் ராஜினாமா செய்யும் வரை ஏன் யாரும் பார்க்கவில்லை என்பதற்கு இன்னொரு உரை வேண்டும். நன்றி, வணக்கம்.