பில்டு ஓடாததற்குக் காரணம் 30 ரூபாய் பேட்டரி

வணக்கம் மக்களே. பாளையங்கோட்டையில் மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. தகரத்தில் விழும் சத்தம் மைக்கில் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு சென்சார் வீடியோ போடுவதாகச் சொல்லியிருந்தேன், அது அடுத்த வாரம். இந்த விஷயத்தை இப்போதே சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

இதோ பாருங்கள், நாணயம் மாதிரி ஒரு பேட்டரி. சிஆர் 2032. 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன், அதனால்தான் அந்த எண். வண்ணார்பேட்டையில் 30 ரூபாய். அதற்கு முன்னால் ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் இதையே 80 ரூபாய் என்றார்கள். அட்டையில் அச்சிட்ட விலையைக் காட்டுங்கள் அண்ணாச்சி என்றேன். அட்டை இல்லை, சில்லறையாகத்தான் தருவோம் என்றார். ஒரு பொட்டு பேட்டரிக்கு 50 ரூபாய் வித்தியாசமா? கொடுக்க மாட்டேன் என்று வந்துவிட்டேன். சுலோசன முதலியார் பாலத்தை மழையோடு மழையாகத் தாண்டி வந்து இங்கே வாங்கினேன். நனைந்தாலும் மனசு நிறைந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் அத்தான் அரிசி ஆலை வைத்திருப்பது உங்களுக்குத் தெரியும். அங்கே லாரி எடை மேடைக்கு நான் எழுதிய நிரல்தான் ஓடுகிறது. எடை காட்டும் கருவியிலிருந்து சீரியல் கேபிள் வழியாக எண்ணை வாங்கி, சீட்டு அடித்துக் கொடுக்கும். போன வாரம் கருவியை மாற்றினார்கள். பழையது 9600 வேகத்தில் பேசும், புதியது 2400. அதனால் திரையில் எடைக்குப் பதிலாகக் கிறுக்கல். மூன்று நாள் அங்கேயே தங்கிப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். ஒரு வரி மாற்றினால் போதும். மாற்றினேன், சேமித்தேன். எழுதியதிலிருந்து ஓடும் நிரலை உருவாக்குவதுதான் பில்டு; அதைச் செய்யும் நிஞ்சா என்ற கருவியை ஓட்டினேன். “நோ வொர்க் டு டூ” என்றது. செய்ய வேலையே இல்லையாம்! கண் முன்னால் 9600ஐ அழித்து 2400 என்று எழுதியிருக்கிறேன்.

என் சந்தேகமெல்லாம், எதை எப்படி உருவாக்க வேண்டும் என்று நிஞ்சாவுக்கு எழுதிக் கொடுக்கும் சிமேக் மேல். போன வீடியோ பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும், சிமேக் 4க்கு மாறினேன். 2025 மார்ச்சில் வந்த அந்தப் பதிப்பில் 3.5க்கு முந்தைய பழக்கங்களை முழுசாகக் கழற்றிவிட்டார்கள். என் சீரியல் லைப்ரரியில் குறைந்தபட்சப் பதிப்பு 2.8 என்று இருந்ததால் எடுத்ததுமே பிழை காட்டி நின்றது. அந்த வரியைத் திருத்திச் சரிசெய்தோம். அதன் மிச்சம்தான் இது என்று நினைத்துவிட்டேன்.

உருவான கோப்புகள் இருக்கும் பில்டு கோப்புறையை அழித்துவிடு, சரியாகிவிடும் என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எனக்கு இந்த அறிவுரை அறவே பிடிக்காது. அழித்தால் தடயமும் போய்விடும். அதனால் பழைய கோப்புறையைப் பெயர் மாற்றி ஒதுக்கி வைத்தேன். புதிதாக ஒன்று உண்டாக்கி, அதில் சிமேக்கை ஓட்டினேன். சிமேக் நல்லபடியாக முடிந்தது. பிறகு நிஞ்சா. “ரீ-ரன்னிங் சிமேக்” என்று ஒரு வரி. முடிந்தது. மறுபடியும் “ரீ-ரன்னிங் சிமேக்”. மறுபடியும். நான் எழுந்து போய் டீ போட்டு ஆற்றிக் குடித்துவிட்டு வந்து பார்த்தாலும் அதே வரிதான் ஓடிக்கொண்டிருக்கிறது. கடைசியில், 100 தடவை முயன்றும், சிமேக் எழுதிக் கொடுத்த பில்டு.நிஞ்சா கோப்பு இன்னும் “டர்ட்டி” என்று சொல்லி நின்றது. என்னிடம் இருப்பது பழைய நிஞ்சா. புதிய பதிப்புகளில் இதே வரியின் வாலில், கணினி நேரம் சரியாக இல்லையோ என்று ஒரு குறிப்பும் வரும். அது எனக்கு வரவில்லை.

டர்ட்டி என்றால் என்ன? நிஞ்சா உங்கள் நிரலைப் படிப்பதில்லை. கோப்பு கடைசியாக எப்போது மாறியது என்ற நேரத்தைத்தான் பார்க்கும். மூலக் கோப்பு புதுசு, அதிலிருந்து உண்டானது பழசு என்றால் மறுபடி உருவாக்கும். 1976இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் மேக் என்ற பில்டு கருவியை எழுதிய காலத்திலிருந்து இதே கணக்குதான். பேசல் மாதிரி சில பில்டு கருவிகள்தான் கோப்பின் உள்ளடக்கத்தையே ஒப்பிடும். நேரத்தைப் பார்ப்பது எனக்குப் பிடித்த முறை, வேகமானது, புரிவது சுலபம். ஆனால் கடிகாரம் பொய் சொன்னால் எல்லாமே பொய்.

அப்புறம்தான் எனக்குப் பிடித்த கட்டளையை எடுத்தேன். நிஞ்சா, இடைவெளி, ஹைபன் டி, இடைவெளி, எக்ஸ்பிளெய்ன். எதற்காக மறுபடி உருவாக்குகிறேன் என்று காரணத்தை வரிவரியாகச் சொல்லும். தயவுசெய்து இதைப் பழகுங்கள். பில்டு.நிஞ்சா பழசு, சிமேக்குக்காக நான் எழுதிய சிமேக்லிஸ்ட்ஸ் கோப்பு புதுசு என்று சொல்லி, அடைப்புக்குறிக்குள் இரண்டு பெரிய எண்களைக் காட்டியது. இப்போதுதான், இந்த நிமிஷம்தான் உண்டான கோப்பு எப்படிப் பழசாகும்? கோப்பின் மேல் வலது கிளிக் செய்து தேதியைப் பார்த்தேன். 1 ஜனவரி 2012.

நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். என் கணினி 2012இல் இருக்கிறது! திரை சுத்தமாக இருக்க வேண்டும் என்று கீழ்ப்பட்டையை நான் எப்போதும் மறைத்தே வைத்திருப்பேன், அதனால் கடிகாரம் கண்ணில் படவே இல்லை. நிரல் எழுதும்போது நெட் வயரைப் பிடுங்கிவிடுவதும் உங்களுக்குத் தெரியும். நெட் இருந்திருந்தால் நேரம் தானாகவே திருந்தியிருக்கும்.

ஒன்று சொல்ல விட்டுப்போய்விட்டது. நான் ஊரில் இல்லாத மூன்று நாளும் கணினிக்கு மின்சாரமே இல்லை. அம்மாவிடம் கேட்டேன். “இடியும் மின்னலுமா வெட்டுச்சுல்லா, அதான் பிளக்கைப் புடுங்கிப் போட்டேன்” என்றார்கள். அம்மா செய்தது முழுக்கச் சரி. ஐப்பசி இடி எங்கள் தெருவில் எத்தனை மோடத்தைச் சாப்பிட்டிருக்கிறது! பிளக் மாட்டியிருக்கும்வரை கடிகாரத்துக்கு அதிலிருந்தே மின்சாரம் கிடைக்கும். பிடுங்கினால் மதர்போர்டில் இருக்கும் இந்தக் குட்டி பேட்டரிதான் கதி. அது செத்துப்போய் எத்தனை மாதமோ. சில போர்டுகள் தொடங்கும்போதே எச்சரிக்கும், இது வாயே திறக்கவில்லை. மல்டிமீட்டரில் 1.1 வோல்ட் காட்டியது. புதியது 3.2.

பேட்டரி மாற்றி, நேரம் திருத்தி, ஒதுக்கி வைத்த பழைய கோப்புறைக்குப் பழைய பெயரையே கொடுத்து நிஞ்சாவை ஓட்டினால், மறுபடியும் “நோ வொர்க் டு டூ”! இதைக் கவனியுங்கள், இங்கேதான் நிறையப் பேர் மாட்டுவார்கள். 2400 என்று நான் திருத்திய கோப்பின் மேல் 2012 முத்திரை இன்னும் இருக்கிறது. அதிலிருந்து உண்டான ஆப்ஜெக்ட் கோப்போ போன வாரத்தது. நிஞ்சா கணக்குப்படி திருத்தம்தான் பழசு. கடிகாரம் கெட்டிருந்தபோது தொட்ட கோப்புகளைத் தேதிவாரியாக அடுக்கித் தேடினேன், மூன்று இருந்தன. ஒவ்வொன்றையும் திறந்து, ஒரு இடைவெளி போட்டு, எடுத்து, சேமித்தேன். இந்த முறை நிஞ்சா அந்த மூன்றை மட்டும் உருவாக்கி, இணைத்து முடித்தது. நான்கு வரி. அந்த நான்கு வரியையும் படம் பிடித்து வைத்திருக்கிறேன், இதோ திரையில்.

அத்தானுக்குப் பென்டிரைவில் கொடுத்துவிட்டேன். நேற்று மத்தியானம் நெல் லோடு ஒன்று மேடையில் ஏறியதும் சீட்டைப் படம் எடுத்து அனுப்பினார். 14,260 கிலோ. கீழே தேதியும் சரியாக இருக்கிறது.