நதிமூலம் தெரியாமல் போட்ட எல்லை

[காட்சி: அமெரிக்கா, கனடா எல்லைக்கோடு. மேற்கிலிருந்து கிழக்காக நகர்கிறது.]

இந்த எல்லையைப் பாருங்கள். பசிபிக் கரையிலிருந்து ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி நேராக வருகிறது. மினசோட்டா மாநிலத்தின் தலைப்பக்கம் வந்ததும் திடீரென வடக்கே ஏறி, ஒரு புகைபோக்கி போல நீட்டிக்கொண்டு நிற்கிறது. அந்தத் துண்டு நிலத்தின் பெயர் நார்த்வெஸ்ட் ஆங்கிள். அமெரிக்க மண்தான். ஆனால் காரில் போவதென்றால் கனடாவுக்குள் நுழைந்துதான் போக முடியும்.

இது எப்படி வந்தது? ஒரு வரைபடத்தால் வந்தது.

[காட்சி: 1755-ம் ஆண்டு வரைபடம், முழுதாக.]

லண்டனில் இதை வெளியிட்டவர் ஜான் மிட்செல். மருத்துவர், தாவரங்களை ஆராய்ந்தவர். மொத்தம் எட்டுத் தாள்கள். ஒட்டி மாட்டினால் ஒரு சுவரே வேண்டும். வட அமெரிக்கா பற்றி அன்றைக்குக் கிடைத்த விவரங்களைத் தேடித்தேடிச் சேர்த்து வரைந்திருக்கிறார். அந்தக் காலத்துக்கு இது அபாரமான உழைப்பு.

[காட்சி: மேல் இடது மூலை, மிக நெருக்கமாக.]

இப்போது இந்த மூலைக்கு வாருங்கள். ஹட்சன் விரிகுடாவைத் தனியாக ஒரு கட்டம் போட்டு வரைந்திருக்கிறார்கள். மிசிசிப்பி ஆறு எங்கே தொடங்குகிறது என்று தெரிய வேண்டிய இடத்தில் அந்தக் கட்டம் உட்கார்ந்திருக்கிறது. ஆற்றின் தலை இன்னும் தெரியவில்லை, ஐம்பதாவது அட்சரேகைப் பக்கம் இருக்கலாம் என்று ஒரு குறிப்பும் உண்டு. ஆக, வரைபடம் பொய் சொல்லவில்லை. தெரியாததைத் தெரியாது என்றுதான் சொன்னது.

1783-ல் பாரிஸில் பிரிட்டனும் அமெரிக்காவும் சமாதானம் பேசியபோது இந்த வரைபடம்தான் கைக்கு உதவியது. 'லேக் ஆஃப் தி வுட்ஸ்' ஏரியின் வடமேற்குக் கோடிக்குப் போய், அங்கிருந்து நேர் மேற்கே மிசிசிப்பி வரை எல்லை என்று எழுதினார்கள். அப்படி ஒரு கோடு போடவே முடியாது. ஆற்றின் மூலம் அந்தக் கோடியிலிருந்து 200 கிலோமீட்டருக்கும் மேல் தெற்கே இருக்கிறது!

ரிஷிமூலம், நதிமூலம் விசாரிக்கக் கூடாது என்பார்கள். இங்கே விசாரிக்காமல் விட்டதுதான் வினை. விசாரிக்க ஆள் இல்லாமலும் இல்லை. ஓஜிப்வே என்ற பூர்வகுடி மக்கள் அந்த ஏரிகளில் தலைமுறை தலைமுறையாகப் படகோட்டியவர்கள். அவர்களை யாரும் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிடவில்லை. பின்னாளில், 1832-ல், ஸ்கூல்கிராஃப்ட் என்ற அமெரிக்கரை மிசிசிப்பி பிறக்கும் இடாஸ்கா ஏரிக்குக் கூட்டிப்போனவர் ஓஸாவிண்டிப் என்ற ஓஜிப்வே தலைவர்தான். எனக்கு இந்தக் கதையில் ஆறாத இடம் இதுதான்.

சரி, தப்பை எப்படிச் சரிக்கட்டினார்கள்? 1818-ல் புது ஒப்பந்தம். 49-வது அட்சரேகைதான் இனி எல்லை. ஏரியின் கோடியிலிருந்து அதுவரை 'வடக்கேயோ தெற்கேயோ, எப்படி அமைகிறதோ அப்படி' ஒரு கோடு. அந்தக் கோடி ரேகைக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதே அப்போதும் தெரியாது. 1825-ல் டியார்க்ஸ் என்ற அளவையாளர் நேரில் போய்க் குறித்தார். அளந்து பார்த்தால் அது ரேகைக்கு 40 கிலோமீட்டருக்கும் மேல் வடக்கே! அங்கிருந்து கோட்டைத் தெற்கே இறக்கியபோது, ஏரிக்கு அந்தப் பக்கம் இருந்த நிலம் துண்டாக வெட்டுப்பட்டு அமெரிக்காவோடு சேர்ந்தது.

[காட்சி: உறைந்த ஏரி, பனியில் வாகனத் தடம்.]

கொரோனா காலத்தில் கனடா எல்லை மூடியதும், அங்கே போகச் சாலை இல்லை. குளிர்காலம் வந்து ஏரி உறைந்தது. ஊர்க்காரர்கள் அந்தப் பனியின் மேலேயே, அமெரிக்கப் பக்கமாகவே, வண்டி போகப் பாதை போட்டுக்கொண்டார்கள்.