காட்ஸில்லா, காங் சண்டைக்கு ரெண்டு கிளைமாக்ஸா?

அடுத்த கேள்வி. "1962-ல வந்த கிங் காங் - காட்ஸில்லா படத்துக்கு ஜப்பான்ல காட்ஸில்லா ஜெயிக்கிற மாதிரியும், அமெரிக்காவுல காங் ஜெயிக்கிற மாதிரியும் தனித்தனி கிளைமாக்ஸ் இருக்காமே, உண்மையா? இந்த மாதிரி சண்டையில யாரு ஜெயிக்கணும்னு யாருதான் முடிவு பண்றாங்க?"ன்னு கேட்டிருக்காங்க.

ரெண்டு கிளைமாக்ஸ்ங்கிறது கட்டுக்கதைங்க. ரெண்டு பதிப்புலயும் ராட்சசக் குரங்கு காங்கும் ராட்சசப் பல்லி காட்ஸில்லாவும் கட்டிப் புரண்டு கடல்ல விழும். அப்புறம் காங் மட்டும் மேல வந்து நீந்திப் போகும். வித்தியாசம் சத்தத்துலதான் இருக்கு. ஜப்பான் பதிப்போட கடைசியில ரெண்டோட உறுமலும் கேட்கும், அமெரிக்கப் பதிப்புல காங் உறுமல் மட்டும். கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டுப் பாருங்க, முடிவே மாறின மாதிரி இருக்கும்.

இப்ப யாரு முடிவு பண்றாங்கன்னு வருவோம். 1933-ல வந்த முதல் கிங் காங் படத்துல நியூயார்க் காட்சிகளுக்குக் காங்குக்கு வச்ச அளவு 24 அடிதான். 1954-ல வந்த காட்ஸில்லா 50 மீட்டர். அப்படியே நிறுத்தினா காங் அதோட முட்டிக்குக்கூட வராது! அதனால காட்ஸில்லா படங்களை எடுத்த டோஹோங்கிற ஜப்பான் கம்பெனி காங்கை 45 மீட்டருக்கு வளர்த்துச்சு. மின்சாரம் பாய்ஞ்சா பலம் கூடும்னு ஒரு சக்தியையும் குடுத்துச்சு. மோதவிடணும்னு முதல்ல முடிவாயிடும், பலத்தை அதுக்கு ஏத்த மாதிரி அப்புறம் அளந்து ஊத்துவாங்க.

1976-ல டிசி கம்பெனியோட சூப்பர்மேனும் மார்வெல் கம்பெனியோட ஸ்பைடர்மேனும் ஒரு காமிக்ஸ் புத்தகத்துல மோதினப்பவும் இதேதான். சூப்பர்மேனோட பலத்தைக் குறைக்கிற சிவப்புச் சூரியக் கதிர் தன் மேல பட்டதால ஸ்பைடர்மேன் சூப்பர்மேனைத் தூக்கி வீசுறாரு. கதிரோட வேகம் தீர்ந்ததும் குத்துற குத்துக்கெல்லாம் ஸ்பைடர்மேன் கைதான் வலிக்குது, சூப்பர்மேன் அசையாம நிக்கிறாரு. அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்துடுவாங்க. ரெண்டு கம்பெனி கூட்டா போடுற புத்தகத்துல தன்னோட ஹீரோ தோத்துப் போக யாரும் சம்மதிக்க மாட்டாங்க இல்லையா.

1996-ல மார்வெலும் டிசியும் சேர்ந்து போட்ட தொடர்ல அஞ்சு சண்டையோட முடிவை வாசகர்கள் ஓட்டுக்கு விட்டாங்க. சூப்பர்மேன் ஹல்க்கை ஜெயிச்சாரு, சரி. ஆனா டிசியோட வொண்டர் வுமன், வானிலையை ஆட்டிவைக்கிற மார்வெல் ஹீரோயின் ஸ்டார்ம்கிட்ட தோத்தாங்க. எனக்கு அந்தத் தொடர்லயே ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். தோரோட சுத்தியல் வொண்டர் வுமன் கையில இருக்கு. தகுதி இல்லாதவங்களால அசைக்கக்கூட முடியாத சுத்தியல் அது. சண்டை நியாயமா இருக்கணும்னு அதைத் தூக்கிப் போட்டுட்டு வெறுங்கையோட நிக்கிறாங்க. ஓட்டு ஸ்டார்முக்கு விழுந்துச்சு, அதை யாராலயும் மாத்த முடியாது. ஆனா தோக்கப்போற ஆளை எப்படி நிறுத்தணும்ங்கிறது எழுதுறவங்க கையில இருந்துச்சு. அவங்க நிறுத்தின விதத்தை நினைச்சா எனக்கு இப்பவும் மனசு நிறையுது.